விளக்கை அணைக்கச் சொன்ன அண்ணனுக்கு

காற்றைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட குழாய்க்குள் விரையும் ஹைப்பர்லூப் வண்டி ஒன்றை, ‘பாட்’ (pod) என்பதை, மாணவர்கள் நாங்கள் செய்துவருகிறோம். நேற்றிரவு வெற்றிட அறைக்குள் அதன் மோட்டார் முழு வேகத்தைத் தொட்டது. பிரேக்கும் பிடித்தது. கடந்த மூன்று வாரங்களில் நாங்கள் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை. அணியின் சார்பில் நன்றி சொல்ல மட்டுமே எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஆய்வகத்தின் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு. சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மட்டுமே அவரிடம் பேசியிருக்கிறோம். பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டர் மூன்றாவது முறையும் போன அன்று, பிழை நிரலிலா சென்சாரிலா என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம். வெளியே ஓட்டினால் ஒரு குறையும் இல்லை; அறையிலிருந்து காற்றை எடுத்தால்தான் கெடுகிறது. வீட்டுக்குக் கிளம்பி வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒருமுறை கண்ணாடி வழியாகப் பாருங்கள், தம்பி” என்றார்.

அணைத்தோம். கண் இருட்டுக்குப் பழகியதும் தெரிந்தது: பேட்டரி இணைப்பின் மூலையில், விரல்நுனி அளவுக்கு ஊதா ஒளி.

சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். 2013-இல் ஹைப்பர்லூப் குழாய்க்கு முன்வைக்கப்பட்ட அழுத்தம் 100 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த காற்றில் ஏழெட்டு மில்லிமீட்டரைத் தாண்ட 330 வோல்ட் அளவே போதும். எங்கள் பேட்டரி 400 வோல்ட். இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பி, அந்த இடத்தை நாங்களே அகலமாக்கியிருந்தோம். காற்றழுத்தமும் இடைவெளியும் சேர்ந்துதான் மின்சாரம் தாண்டும் வோல்ட்டைத் தீர்மானிக்கும், மெலிந்த காற்றில் இடைவெளி கூடினால் தாண்டுவது எளிதாகவும் ஆகலாம் என்கிற பாஷன் விதியைத் தேர்வில் எழுதியவர்கள் நாங்கள். நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

மறுநாள் அவருக்கு விடுமுறை. அழைக்காமலே வந்தார். மின்முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, குமிழி சிக்காமல் எபாக்சி என்ற இறுகும் பிசினை அவற்றின் மேல் ஊற்றி மூடுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். எங்களில் யாரையும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை.

பேராசிரியர்கள், இரவுக் காவலர்கள், தங்கள் உதிரி இன்வெர்ட்டரைக் கொடுத்த போட்டி அணியினர், தோல்விகளை மறைக்காமல் எழுதிவைத்துப் போன மூத்த மாணவர்கள், எதுவும் கேட்காமல் காத்திருந்த வீட்டார், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

2019-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் பாட் மணிக்கு 463 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்தக் காணொளிதான் எங்களை இதற்குள் இழுத்தது. அன்று வேகம் மட்டுமே கண்ணில் பட்டது. அதன் பின்னால் எத்தனை பேர் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்து வரும் மாணவர்களுக்கான சோதனைக் குறிப்பேட்டில் முதல் வரியாக “விளக்கை அணை” என்று எழுதிவிட்டோம். ஏன் என்பதையும், யார் சொன்னது என்பதையும் அதன் கீழே எழுதியிருக்கிறோம்.

அண்ணா, அடுத்த மாதம் குழாய்க்குள் ஓட்டப்போகிறோம். அன்றும் விளக்கை நீங்கள்தான் அணைக்க வேண்டும்.