செயின்ட் லூயிஸ் வந்து எங்கள் பீட்சாவைத் திட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் விருந்தாளியாக வரும் நண்பர்களே,

கேட்வே ஆர்ச் என்ற எங்கள் ஊர் வளைவைப் பார்த்தாயிற்று, ஆற்றங்கரையில் போட்டோவும் எடுத்தாயிற்று. அப்புறம் எங்கள் ஊர்க் கடையான இமோஸில் ஆசையாக வாங்கி வைத்த பீட்சா டப்பாவைத் திறந்ததும் ஏன் அந்த முகச்சுளிப்பு? "இது சீஸா, பிளாஸ்டிக்கா?" என்று போன மாதம் என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். கேட்டுக்கொண்டே நாலாவது துண்டை எடுத்தார், அது வேறு விஷயம்.

அந்தச் சீஸுக்குப் பெயர் ப்ரொவெல். செடார், ஸ்விஸ், ப்ரொவலோன் மூன்றும் கலந்த பதப்படுத்திய சீஸ். மொசரெல்லா மாதிரி நூல் நூலாக இழுபடாமல், கடித்த இடத்தில் அறுந்து நிற்க வேண்டும் என்றுதான் இதைச் செய்தார்கள், நீங்களோ அதையே குறையாகச் சொல்கிறீர்கள். அடியில் இருக்கும் மாவில் ஈஸ்ட்டே கிடையாது, பிஸ்கட் போல மெல்லிசாக நொறுங்கும், அதைப் போய் நியூயார்க் பழக்கத்தில் மடித்தால் உடையாமல் என்ன செய்யும்? அதனால்தான் சதுரம் சதுரமாக வெட்டுகிறோம். 1964-இல் மனைவி மார்ஜியோடு கடையைத் தொடங்கிய எட் இமோ அதற்கு முன் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கைப்பழக்கம்தான் இது என்று ஊரில் சொல்வார்கள். வட்டத்தைச் சதுரமாக வெட்டும்போது ஓரத்தில் விரல்நுனி அளவுக்குச் சில முக்கோணத் துணுக்குகள் விழும், மொறுமொறுவென்று. என் பிள்ளைகளுக்குள் அடிதடியே அதற்குத்தான்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறிப்போன ப்ரொவெல் மெழுகு மாதிரி இறுகிப் பல்லில் ஒட்டும். டப்பாவை ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். ப்ரொவெல் வைத்த சாண்ட்விச்சும் அப்படித்தான், உள்ளே இருக்கும் சீஸ் உருகிக்கொண்டிருக்கும்போதே கடித்துவிட வேண்டும். கூடவே டோஸ்டட் ரவியோலியும் வாங்குங்கள். பெயர்தான் டோஸ்டட், உண்மையில் உள்ளே பூரணம் வைத்த பாஸ்தாவைப் பிரெட் தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தது. 'தி ஹில்' என்ற எங்கள் இத்தாலியர் பேட்டையில் பிறந்த பலகாரம், அதைத் திட்டியவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்த முறை வரும்போது விமான நிலையத்துக்கு நானே டப்பாவோடு வருகிறேன். வீடு வரை காத்திருக்க வேண்டாம், காரிலேயே திறந்துவிடலாம்.

இப்படிக்கு,
சதுரத் துண்டுக்காரன்