காக்கைக்கு வைத்த வடை

நங்கநல்லூர்,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாற்பது வயதாகிவிட்டது, பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறாய். வாயில் வந்தால்தானே. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன். நாலு வரிக்குள் கட்டைவிரல் வலித்துவிட்டது. அதனால் பேனாவையும் பழைய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார். கையெழுத்து புரியாவிட்டால் அவரைக் கேள், என்னைக் கேட்காதே.

உன் கொல்லைப் பறவைகளின் படங்கள் எல்லாம் பார்த்தேன். அந்த மஞ்சள் குருவி தீனிக் குழாயில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்பது நன்றாக வந்திருக்கிறது. அதுதான் நியூஜெர்சியின் மாநிலப் பறவை என்று பேரன் போனில் சொன்னான். நம்முடையது மரகதப் புறா என்றேன். "நீ பார்த்திருக்கிறாயா பாட்டி?" என்று கேட்டான். அறுபத்தெட்டு வயதில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் ஒன்றுவிட்ட தம்பிகளான மாடப்புறாக்கள்தான் இங்கே தினமும் வந்து தொலைக்கின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். உன் ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். சிவந்த தலையுடைய அந்தக் குருவிக்கு ஒரு கண் வீங்கி, பாதி மூடியிருக்கிறது. தூக்கக் கலக்கம் இல்லை அது. உங்கள் ஊரில் அந்தக் குருவிகளுக்குக் கண் நோய் ஒன்று உண்டு. 1994-ல் முதலில் கண்டுபிடித்தார்கள். நோயுள்ள குருவி தலையை வைத்துத் தின்ற துவாரத்தில் அடுத்தது தலையை வைக்கும்போது ஒட்டிக்கொள்ளும். குழாயை இறக்கி வைத்துவிடு. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வை. இரண்டு வாரம் கழித்துத் தொங்கவிட்டால் போதும். கோடையில் அங்கே பூச்சிக்கும் விதைக்கும் பஞ்சமில்லை, உன்னை நம்பி எதுவும் பட்டினி கிடக்காது. அந்தத் தலை வழுக்கையான சிவப்புப் பறவைக்கு மட்டும் கவலைப்படாதே. இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் காலம் இது. சிலவற்றுக்குத் தலையில் மொத்தமாக உதிர்ந்துவிடும். இங்கேயும் ஒரு மைனா அப்படித்தான், சவரம் செய்துகொண்ட பண்டாரம் மாதிரி உலாவுகிறது.

இனி, நீ அனுப்பிய தீனிக் குழாயின் கதை.

அப்பா அதை முருங்கையில் கட்டினார். முருங்கைக் கிளை எதைத் தாங்கும் என்று எழுபத்திரண்டு வயது மனிதருக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? மறுநாள் காலையில் கிளை ஒடிந்து, கம்பும் தினையும் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதையாக, இன்னொரு கிளையில் கட்டினார். இந்த முறை கிளை தாங்கியது. ஆனால் புறாக்கள் வந்தன. முதல் நாள் இரண்டு. வாரக் கடைசியில் பதினான்கு. குழாயில் உட்கார அவற்றுக்கு இடமில்லை, அதனால் கீழே நின்றுகொண்டு அணில் சிந்துவதைப் பொறுக்கின. மிச்சத்தைத் தின்ன ராத்திரியில் பெருச்சாளி வந்தது. பக்கத்து அடுக்குமாடியில் எல்லாப் பால்கனிக்கும் புறா வலை கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி அம்மாள் தம் கொடியில் காய்ந்த போர்வையைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். புறா எச்சம், ஒரு கோலமே போட்டிருந்தது. அன்றைக்கே குழாயை இறக்கிவிட்டேன். நீ ஆசையாக அனுப்பியது என்று அப்பாவுக்கு வருத்தம். இப்போது அதில் கிளிப்புகள் போட்டு வைத்திருக்கிறார்.

தானியம் போட்டால் தானியம் தின்பவைதான் வரும். நம் கொல்லைக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் பூச்சியும் பழமும் தேனும் தின்பவை. இதை யோசிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இந்த ஊர் வெயிலில் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டியது ஒன்றுதான், தண்ணீர்.

2003 மே 31 நினைவிருக்கிறதா உனக்கு? நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்த நாள். அன்று நான் பகல் வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்தால், குழாயடியில் ஒரு காக்கை, அலகைப் பிளந்தபடி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றது. தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கழுவிய பாத்திரத்தில் வாய் வைக்கப் பார்க்கிறது என்று துடைப்பத்தை ஓங்கினேன். பறக்கக்கூட முடியாமல் இரண்டு எட்டு தத்தித் தள்ளி நின்றது. போன வருடம் மண் சட்டி வாங்கும்போது அந்தக் காக்கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சட்டி பெரிதாக இருக்கவேண்டாம். அகன்ற வாய், இரண்டு அங்குல ஆழம், நடுவில் நிற்க ஒரு கருங்கல். நெல்லி மர நிழலில், பூனை ஒளிந்து பாய இடமில்லாத வெட்டவெளியில் ஒரு திண்டின்மேல் வைத்திருக்கிறேன். தினமும் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். கொசு மருந்தடிக்க வருகிற பெண் முதல் தடவை சட்டியைப் பார்த்ததும் கவிழ்க்கப் போனாள். முட்டை கொசுவாக ஒரு வாரம் வேண்டும், நான் ஒரு நாள்கூட விடுவதில்லை என்றேன். அப்புறம் அவளே, "இன்றைக்கு எந்தக் குருவி வந்தது அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

கொண்டைக்குருவி குளிப்பதை நீ பார்க்க வேண்டும். முதலில் சட்டியின் விளிம்பில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். பிறகு அலகை மட்டும் நனைக்கும். ஏதோ மறந்துவிட்டதுபோல நெல்லிக்குப் பறந்து போகும். திரும்பி வந்து கல்லின்மேல் இறங்கி, சட்டென்று மார்பை முக்கி, இறக்கைகளை அடிக்க ஆரம்பித்தால் சட்டியில் பாதித் தண்ணீர் வெளியே. நனைந்த பிறகு கொண்டை மூன்று குச்சிகளாகப் பிரிந்து நிற்கும், வாலுக்கடியில் இருக்கும் சிவப்பு மட்டும் குங்குமம்போலப் பளிச்சென்று தெரியும். ஒன்று குளித்து முடிக்கும்வரை இன்னொன்று கிளையில் காத்திருக்கும். தவிட்டுக்குருவிகளுக்கு இந்த நாகரிகம் கிடையாது. ஏழெட்டாக வந்து, ஒரே நேரத்தில் விழுந்து, கல்யாண வீட்டுப் பந்திபோலக் கத்திவிட்டுப் போகும்.

உன் ரீங்காரச் சிட்டுக்கு (ஹம்மிங்பேர்டுதான்) நீ சர்க்கரைத் தண்ணீர் வைப்பதைப் பார்த்து நானும் தேன்சிட்டுக்கு வைத்தேன். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர், நீ சொன்ன கணக்குதான். எறும்பு வந்தது. எறும்பு மட்டும்தான் வந்தது. தேன்சிட்டு என் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செம்பருத்திக்குப் போய், பூவுக்குள் நுழைய மெனக்கெடாமல் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போயிற்று. இரண்டும் பார்க்க ஒரே சாயல், ஆனால் உறவு இல்லை. உங்களுடையது அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. நீயும் அதில் சிவப்புச் சாயம் கலக்காதே, வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடு; புளித்துவிடும்.

நீ விட்டுப்போன நிக்கான் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்தது ஏப்ரலில். முதல் மாதம் எடுத்ததெல்லாம் வெறும் புகைமூட்டம். லென்ஸ் கெட்டுவிட்டது என்று ராயப்பேட்டைக்கு எடுத்துப் போகலாம் என்றார் அப்பா. அங்கே கேமரா பழுது பார்க்கும் ஒருவர், மாடியில் பலகை அடித்து, ஊறவைத்த அரிசி போட்டு, ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் பல வருடம் தீனி வைத்தது பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, அவர் ஞாபகம் அப்பாவுக்கு. பழுது லென்ஸில் இல்லை. ஏசி அறையில் வைத்திருந்த கேமராவை நேராகக் கொல்லைக்குக் கொண்டு போனால், இந்த ஊர்க் காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்துவிடுகிறது. இப்போது ராத்திரியே பையோடு கூடத்தில் வைத்துவிடுகிறேன். விடியற்காலை ஆறரைக்கு எடுத்தால் தெளிவாக இருக்கிறது.

அடுத்த தொல்லை காக்கை. படம் முழுக்கக் காக்கை நிறைந்தால், கேமரா இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. சாம்பல் பூசிய காக்கை வருகிறது. மைனஸ் பக்கம் ஒரு படி இறக்கவேண்டும். அதே காக்கை வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தால் வெறும் கரி உருவம். அப்போது பிளஸ் பக்கம் ஏற்றவேண்டும். ஒரே காக்கைக்கு இரண்டு நியாயம். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒன்றைக் கட்டிக்கொண்டு காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தாராம். எனக்கு இருக்கிற பொத்தான்களே அதிகம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், காது விஷயத்தில் நீயும் உன் கேமராவும் என்னிடம் நிற்க முடியாது. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். 'ஹலோ' என்றாலே யார், எந்த மனநிலை என்று சொல்லிவிடுவேன். மேலே விமானம் இறங்கும் சத்தத்திலும் தையல்சிட்டு எந்தப் புதரில் இருக்கிறது என்று தெரியும். குயில் பாடுகிறாள் என்று எழுதுகிறார்களே, பாடுவது ஆண். பெண்ணுக்குக் கிக் கிக் என்ற அவசரக் குரல்தான்.

போன வாரம் மதில் பக்கத்திலிருந்து காக்கைக் குஞ்சு ஒன்று இரை கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தேன். எங்கோ இடித்தது. நம்பர் சரி, பேசுகிற ஆள் வேறு என்று தோன்றுமே, அப்படி.

நேற்று அமாவாசை. அப்பா தர்ப்பணம் முடித்து, வாழையிலைத் துண்டில் சாதமும் பருப்பும் ஒரு வடையும் வைத்து மாடி மதிலில் இட்டுவிட்டு, "கா… கா…" என்று கூப்பிட்டார். வராது என்று எனக்குத் தெரியும். அமாவாசையன்று தெரு முழுக்க இலை. எந்த வீட்டுக் காக்கைக்கும் பதினோரு மணிக்குள் வயிறு நிறைந்துவிடும். நாங்கள் பசியோடு நின்றோம். நான் சும்மா நிற்பானேன் என்று கேமராவைக் கொண்டுவந்தேன். இருபது நிமிடம் கழித்து ஒன்று வந்தது. சோற்றைத் தொடவில்லை. வடையைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. அங்கே அந்தக் குஞ்சு இறக்கையைப் படபடத்துக்கொண்டு, தொண்டை வரை தெரிய வாயைப் பிளந்தது. கருத்த உடம்பு, முதுகில் நொய் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். குயில் குஞ்சு. காக்கை வடையைக் காலால் அழுத்திப் பிய்த்து, ஒவ்வொரு துண்டாக அதன் வாய்க்குள் தலையையே விட்டு ஊட்டியது. முப்பது படங்கள் எடுத்தேன். இரண்டுதான் தேறின. ஒன்றில் காக்கையின் கண் கூர்மையாக வந்திருக்கிறது, வடையின் விளிம்பில் மிளகுகூடத் தெரிகிறது.

கேமராவின் திரையில் அப்பாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "என் அப்பாவுக்கு வைத்தது. குயில் அல்லவா தின்கிறது?" என்றார்.

"காக்கை எடுத்துக்கொண்டது. அதற்குமேல் அது பாடு" என்றேன்.

"அதற்குத் தெரியாதா, தன் குஞ்சு இல்லை என்று?"

காக்கையைக் கேட்கவேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டால்? சாப்பிட வாருங்கள், ஆறிப்போகிறது என்று இறங்கி வந்தேன். இலை போட்டுவிட்டுப் பார்க்கிறேன், ஆளைக் காணோம். தம் இலையில் வைத்திருந்த வடையை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போயிருக்கிறார். மேலிருந்து "கா… கா…" என்று கேட்டது. இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

அன்புடன்,
அம்மா

பி.கு.: டிசம்பரில் வரும்போது கேமராவுக்கு இன்னொரு பேட்டரி வாங்கி வா. இது ஒரு காலைப் பொழுதுக்குக்கூடத் தாங்கவில்லை. தீனிக் குழாய் எதுவும் வேண்டாம்.