சிலோன் தியேட்டர்ஸ் பணிப்பாளர் சபைக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். உங்கள் குழுமத்தை மட்டக்களப்பில் அறியாத வீடு இல்லை. ஆனால் சினிமாவால் அல்ல. மாதச் சாமான் வாங்கப் போகிற கார்கில்ஸ் ஃபுட் சிட்டியின் தாய்க் கம்பனி படம் காட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். 1928இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் ஆரம்பித்த சிலோன் தியேட்டர்ஸ் 1981இல் கார்கில்ஸை வாங்கியது; இரண்டு வருடத்தில் முதல் சுப்பர்மார்க்கெட் வந்தது. அப்புறம் பாலும் ஐஸ்கிறீமும், வங்கியும்கூட. படம் காட்டுவது உங்கள் வரவு செலவில் இப்போது ஒரு மூலையில் இருக்கிறது. இந்த மடல் அந்த மூலையைப் பற்றியது.

கார்டினர் யாழ்ப்பாணத்துக்காரர். 1930இல் கொழும்பில் ரீகல் தியேட்டரைத் திறந்தார். அது நிற்கிற தெருவுக்கே பிறகு அவர் பெயரை வைத்தார்கள். பம்பலப்பிட்டியில் மெஜஸ்டிக் தியேட்டர் இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் சிட்டி. இதெல்லாம் உங்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கக்கூடிய கதை. நான் சொல்ல வருவது வேறு. உங்கள் கம்பனி வளர்ந்தது கட்டடங்களால் மட்டுமல்ல, சுற்றால். சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிட்டெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ் என்று மூன்று கம்பனிகள்தான் ஒரு காலத்தில் நாட்டின் திரைகளைப் பங்குபோட்டு வைத்திருந்தன. சொந்தத் தியேட்டர் இல்லாத ஊரில்கூட உள்ளூர் முதலாளி ஒருவரின் தியேட்டர் ஏதோ ஒரு கம்பனியின் சுற்றில் இருக்கும். படம் அந்தச் சுற்றுக்குள் ஊர் ஊராய்ப் போகும்.

போனது பெட்டியில். 1000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 16, 17 ரீல். தகரப் பெட்டி ஒன்றைத் தூக்க ஒரு ஆள் போதாது. ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் மின்னும். ஒப்பரேட்டர் அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினுக்கு மாற்றுவார். கொஞ்சம் பிந்தினால் திரை வெள்ளையாகும், மலிவு டிக்கெட் கலரியில் விசில் பறக்கும், பல்கனியில் இருப்பவர்கள் தங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லாததுபோல இருப்பார்கள். (விசிலடித்தவர்கள் பிறகு பல்கனிக்குப் போய் அப்படித்தான் இருந்தார்கள்.) பகலில் ஒலிபெருக்கி கட்டிய கார் தெருத் தெருவாக நோட்டீஸ் போட்டுக்கொண்டு போகும். காருக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளில் பலருக்கு நோட்டீஸ்தான் முதல் வாசிப்புப் புத்தகம்.

பிறகு நடந்ததை நீட்ட விரும்பவில்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் கையில் எடுத்தது. 1978 நவம்பர் 23 சூறாவளி இங்கே கூரை என்று இருந்த எதையும் விட்டுவைக்க மனமில்லாமல் அடித்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது, கூடவே வீடியோ டெக்கும். அப்புறம் யுத்தம். ஊரடங்கும் மின்வெட்டுமாக இருந்த ஊரில் செக்கன் ஷோவுக்கு யார் போவார்?

2013இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்து, மேலே திரைகளும் போட்டீர்கள். சந்தோஷம். மட்டக்களப்புக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அதைக் கேட்க இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். புதிய கட்டடம் ஒன்று வந்தால், கஷ்டகாலத்திலும் விளக்கை அணைக்காமல் வைத்திருந்த உள்ளூர் முதலாளிமாரின் தியேட்டர்கள்தான் முதலில் அடிவாங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் கேட்பது அந்தப் பழைய சுற்றை. இன்றைக்குப் பெட்டியும் இல்லை, சுமையும் இல்லை. படம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. அப்படியிருந்தும் எங்கள் திரைகளுக்கு வருவது பெரும்பாலும் சென்னையில் பெரிய நடிகர்கள் நடித்த படங்கள் மட்டும். நாட்டிலே நல்ல சிங்களப் படம் ஒன்று வந்தால், அதைத் தமிழ் வசனவரிகளோடு மட்டக்களப்பில் பார்க்க முடிவதில்லை. யூடியூப்பில் யாராவது போட்டால் உண்டு. மறுபக்கமும் அப்படித்தான். கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தைச் சுற்றியும் அதற்கு வெளியேயும் படம் எடுக்கிற இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரு மண்டபத்தைப் பிடித்து, புரொஜெக்டரைக் கடன் வாங்கி, சொந்தக்காரரைக் கூட்டிவைத்து ஒருநாள் காட்டுவதோடு அந்தப் படத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கொண்டுபோக அவர்களால் முடியாது. உங்களால் முடியும், உங்களுக்குத் திரை இருக்கிறது.

சந்தை சிறியது என்பீர்கள். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல், அம்பாறையில் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் சனம். எல்லோரும் தியேட்டருக்குப் போகிறவர்கள் அல்ல, தெரியும். பாதியை அல்ல, முக்கால்வாசியைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள். மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டத்துக் கல்முனை சுமார் 40 கிலோமீற்றர்தான். இடையில் ஊருக்கு ஊர் இடைவெளி இல்லாமல் வீடுகள்.

ஆகவே ஒரு சின்னப் பரீட்சை. இங்கே ஓடிக்கொண்டிருக்கும் தியேட்டர் ஒன்றோடும் கல்முனைப் பக்கம் ஒன்றோடும் பேசி, தமிழ் வசனவரி போட்ட சிங்களப் படம் ஒன்றை ஒரு வாரம் ஓட்டுங்கள். படத்துக்கு முன்னால் உள்ளூர்ப் பிள்ளைகளின் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றைச் சேருங்கள். வருமானத்தைப் பங்கு பிரியுங்கள். வாடகை என்று முதலாளிமார் தலையில் கட்டாதீர்கள். தீபாவளி, பொங்கல் வாரம் வேண்டாம், அப்போது பெரிய படங்களோடு மோத முடியாது. மார்கழி மழையும் வேண்டாம். மாசி, பங்குனி நல்லது. இரவுக் காட்சியை நம்பவேண்டாம், முடிந்து வந்தால் தூரத்து ஊருக்குப் பஸ் கிடைக்காது. சனி, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக் காட்சிக்குக் குடும்பமாக வருவார்கள். நோட்டீஸ் அடித்துத் தெருவில் கொடுக்க ஆட்களை நாங்கள் பிடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு படப்பிரியன்