தாய்ப்பத்திரத்தில் இருக்கும் வரியை விட்டுவிடாதீர்கள்: சார் பதிவாளர்களுக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கொங்கு நாட்டுச் சார் பதிவாளர் அவர்களுக்கும், பத்திரம் எழுதும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தட பாத்தியம், பொதுக் கிணற்றுப் பாத்தியம், முறைத் தண்ணீர் எல்லாம் எழுதிய பிறகு, இன்னதைச் செய்யக் கூடாது என்று ஒன்றிரண்டு வரி இருக்கும். நிலம் கைமாறும்போது, தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், இருக்கும் அந்த வரிகள் புதுப் பத்திரத்தில் விடுபடுவதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் அப்பாருவும் (தாத்தா) அவர் தம்பியும் 1971-ல் பாகம் பிரித்துப் பதிந்த பத்திரம் என்னிடம் இருக்கிறது. பொதுக் கிணற்றுக்கு நாற்புறமும் 200 அடிக்குள் இரு பாகஸ்தர்களும் புதுக் கிணறு வெட்டவோ குழாய்க் கிணறு இறக்கவோ கூடாது, பின்வரும் பாத்தியஸ்தர்களையும் இது கட்டுப்படுத்தும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பங்காளி வீட்டில் தலைமுறை மாறியும் அதை யாரும் மீறவில்லை. போன வருடம் அவர்கள் பாகத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். கிணற்று மேட்டுக்குப் பக்கத்திலேயே குழாய்க் கிணறு (போர்) போடும் ரிக் வண்டி வந்து நின்றது. என் பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மரியாதையாகவே தன் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் அந்த வரி இல்லை. "1971ஆம் வருட பாகப்பிரிவினைப் பத்திரப்படி பாத்தியப்பட்ட" என்று எங்கள் பத்திர எண் வரை இருக்கிறது. கொஞ்சம் கீழே "எவ்வித வில்லங்கமும் இல்லை" என்றும் இருக்கிறது. எண்ணைப் பார்த்து எழுதியவருக்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட என்ன கஷ்டம்?

காங்கயம் பக்கம் அடியில் பாறை. பாறை இடுக்கில் வருகிற ஊற்றுதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். பக்கத்தில் ஆழமாக இறங்குகிற போர் அதே இடுக்கைத் தொட்டுவிட்டால் கிணறு போச்சு. அப்படித்தான் ஆனது. மேற்கு மூலை ஊற்றுக்கண் மழை பொய்த்த வருடங்களில்கூடக் கசிந்துகொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் உப்புப் படிந்த வெள்ளைக் கோடுதான் தெரிகிறது. மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்றை இழுக்கிறது. தென்னையில் மட்டை தொங்கி, குரும்பை உதிர்கிறது. எருமைக்குக் காட்டத் தண்ணீரை டேங்கரில் விலைக்கு வாங்குகிறோம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம் நான்கு மண்டலமாகப் பிரிந்திருப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வாய்க்காலில் எங்கள் முறை வரும். மற்ற நாளெல்லாம் கிணறுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 40வது பிரிவுப்படி, இப்படிப்பட்ட நிபந்தனை தெரிந்து வாங்கியவரை அது கட்டும். தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டாது. பதிவான பத்திரத்தில் இருப்பது தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று 3வது பிரிவைக் காட்டி வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். சரி, போடலாம். முன்சீப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கி உறுத்துக் கட்டளை (தடையாணை) வருவதற்குள் தென்னை நிற்குமா? வாங்கியவரும் பாவம், லட்சக்கணக்கில் போருக்குச் செலவழித்துவிட்டார். ஒரு வரி விடுபட்டதால் இரண்டு குடும்பம் கோர்ட் வாசலில் நிற்கிறது.

வில்லங்கச் சான்று பார்த்திருக்கலாமே என்று சொல்லாதீர்கள். ஆன்லைனில் 1975-ல் இருந்துதான் கிடைக்கிறது. எங்கள் பத்திரம் அதற்கும் முந்தியது. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் கண்ணில் அது படவே படாது. பட்டாலும் பத்திர எண்ணும் ஆட்கள் பெயரும் சொத்து விவரமும் தெரியுமே தவிர, உள்ளே எழுதிய நிபந்தனை தெரியாது. ஆகவே பழைய நிபந்தனை புதுப் பத்திரத்தில் ஏற வேண்டும். இதைத்தான் கேட்கிறேன்.

எங்களுக்கு வேறு காவலும் இல்லை. 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். தோட்டங்கள் வீட்டுமனை சைட் ஆகின்றன, தோட்டங்களுக்கு நடுவே போகும் வழியான இட்டேரிகளைக் கம்பி வேலி விழுங்குகிறது, கேட்டால் எல்லோரும் அவரவர் பத்திரத்தைக் காட்டுகிறார்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் பைசா குறையாமல் கணக்குப் பார்க்க நேரம் இருக்கிறது. தாய்ப்பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்க மட்டும் நேரம் இல்லை என்றால் எப்படி?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை செல்லுமா செல்லாதா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அது கோர்ட் வேலை. அடுத்து ஒரு தோட்டம் கைமாற உங்கள் முன்னால் வரும்போது, தாய்ப்பத்திரத்தில் "கூடாது" என்று இருக்கும் வரியை அப்படியே புதுப் பத்திரத்தில் எழுதுங்கள். எழுதாமல் வந்தால், எழுதி வரச் சொல்லிக் கேளுங்கள். வாங்குகிறவருக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தயவுசெய்து இதை இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
காங்கயம் வட்டாரத்து விவசாயி ஒருவர்