வீணைக் குடம் வேறு, ஸ்பீக்கர் பெட்டி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே டவர் ஸ்பீக்கர் செய்துகொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதிரி சமாச்சாரத்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். பேப்பரைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது. வீணையின் குடம் அதிர்வதுபோல ஸ்பீக்கரின் மரப்பெட்டியும் பாட்டோடு சேர்ந்து அதிர வேண்டுமாம். அதனால் நல்ல நாட்டு மரமாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார் கட்டுரையாளர். இதை நம்பி யாராவது மரக்கடைக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இதே நினைப்போடு போய் மாட்டிக்கொண்டவன் நான்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கம் என் சித்தப்பா மகனின் தோப்பில் தென்னையோடு மூன்று பலா மரங்களும் சாய்ந்தன. தென்னையை யாரும் சீண்டவில்லை. பலாவை மட்டும் அறுத்துப் பலகையாக்கி, "உனக்கு வேண்டுமா அண்ணா?" என்று கேட்டான். வீணையும் பலா, மிருதங்கக் கட்டையும் பலா. இதைவிட உசத்தியான மரம் ஸ்பீக்கருக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று குட்டி யானையில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டுவந்துவிட்டேன்.

இத்தனைக்கும் பாடம் நடத்தியவன். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒன்று செய்து காட்டுவேன். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாட்டுப் போட்டால் ஈயப் பாத்திரத்தில் தட்டுவதுபோலக் கேட்கும். அதையே பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு அதன்மேல் பொருத்தினால், அதே ஸ்பீக்கர் அடித்தொண்டையில் பேச ஆரம்பிக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது. தாழ்ந்த சுருதியுள்ள கனத்த ஒலிகளில் பின்பக்கக் காற்று சுற்றிவந்து முன்பக்கக் காற்றைச் சரிக்கட்டிவிடுகிறது. அப்படி வராமல் மறிப்பதுதான் பெட்டியின் முதல் வேலை. இன்று நாம் பயன்படுத்தும் சுருளும் கூம்புமான ஸ்பீக்கரை 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் உலகுக்குச் சொன்னபோதே இந்தத் தடுப்பைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

வீணையின் கதையே வேறு. கம்பி மெலிசு. காற்றை அதனால் அள்ளித் தள்ள முடியாது, கிழித்துக்கொண்டுதான் போகும். கம்பியைத் தாங்கும் குதிரை வழியாக அந்த அதிர்வு பலகைக்கும் குடத்துக்கும் இறங்கி, அவை ஆடினால்தான் நமக்குக் காதில் விழும். குடம் வீணையின் குரல்வளை. ஸ்பீக்கரில் அந்த வேலையைக் கூம்பே செய்துவிடுகிறது. அப்புறம் பெட்டியும் பாடினால் ஒரு பாட்டுக்கு இரண்டு பாடகர்கள் ஆகிவிடும். இரண்டாமவருக்கு ஒரே ஒரு சுரம்தான் தெரியும்.

இதெல்லாம் தெரிந்தும் செய்தேன். பலாவின் மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் பாடம் மறந்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். என்னிடம் படித்தவர், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். கணக்கில் தோற்றவர்தான், ஆனால் ஒரு நூல் பிசகினால் கண்ணாலேயே சொல்லிவிடுவார். பெட்டியின் உள்ளளவு 18 சென்டிமீட்டர் அகலம், 24 ஆழம், 92 உயரம். கிட்டத்தட்ட 40 லிட்டர். கனத்த ஒலிக்கு ஆறரை இஞ்சு வூபர் ஒன்று, கீச்சு ஒலிக்கு ஒரு இஞ்சு ட்வீட்டர் ஒன்று, இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. பலகை நான்கு நூல் கனம், அதாவது அரை இஞ்சு. "மெலிசா இருக்கே சார்" என்றார். "அதிரட்டும் தம்பி, அதுதானே வேண்டும்" என்றேன் பெரிய மேதாவிபோல.

முதல் நாள் வானொலிச் செய்தி வைத்தேன். வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. சரி, பேச்சுதானே என்று மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வைத்தேன். இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டித்தான் அந்தக் கனத்தைக் கொண்டுவருகிறார்கள். அதில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது கும்கி வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறியது. ஆனால் ஒவ்வொரு அடியின் பின்னாலும் ஒரே மாதிரியான 'டொங்' ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. எந்த வித்வான் வாசித்தாலும் அதே டொங். என் மனைவி அடுக்களையிலிருந்து, "இவருக்கும் நேற்று வாசித்தவருக்கும் ஒரே மிருதங்கமா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் இரண்டு வாரம் ஆனது.

ஒரு நாள் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே வந்த பலகையில் கோலமாவைத் தூவினேன். போனில் ஓர் ஆப் இருக்கிறது; எந்த அதிர்வெண் வேண்டுமானாலும் ஒரே சீராக ஊதும். அதை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 100 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 200 வரைக்கும் மாவு சும்மா கிடந்தது. 240இல் பலகையின் நடுவே லேசாகப் புகைந்தது. 260 வந்ததும் பாருங்கள், நடுவில் இருந்த மாவு எறும்புக் கூட்டத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல நாலாபுறமும் ஓடி ஓரங்களில் போய் ஒதுங்கியது. நடுவில் நீளவாக்கில் ஒரு வெற்றிடம், சுற்றிலும் வெள்ளைக் கரை. சத்தமும் அந்த இடத்தில் திடீரென்று பெருத்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அடங்கியது, எடுத்தால் மறுபடி எழுந்தது. ஜெர்மானியரான க்ளாட்னி 1787இல் தகட்டின்மேல் மணல் தூவிக் காட்டிய அதே வித்தை. வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் அது என்னையே கேலி செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். அந்த வூபர் கூம்பின் பரப்பு சுமார் 135 சதுர சென்டிமீட்டர். பக்கப் பலகை ஒன்றின் பரப்பு 2,208. பதினாறு மடங்கு. கூம்பு ஆடுவதில் பதினாறில் ஒரு பங்கு பலகை ஆடினாலே போதும், தள்ளும் காற்றின் அளவு இரண்டுக்கும் ஒன்றாகிவிடும்.

(இங்கே சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, திருச்சிக்காரர் ஆயிற்றே. சாதாரணத் தோல் மேளங்களில் அடிச்சுரத்தோடு கூடவே எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மிருதங்கத்திலோ வலந்தலையில் ஒட்டும் கறுப்புக் கரணையால் அவை இசைவாக அமைகின்றன என்று 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஒரு வாத்தியத்தைப் பாடவைக்க எவ்வளவு நுட்பமாக அதிர்வைத் திருத்தியிருக்கிறார்கள்! நானோ எதையும் திருத்தாமல் பலகையை அதன் இஷ்டத்துக்குப் பாடவிட்டேன்.)

மழைக்காலம் வந்ததும் மீதிக் கதையும் முடிந்தது. வெட்டி ஒரு வருடம்கூட ஆகாத மரம். ஐப்பசி ஈரத்தில் உப்பி, மார்கழியில் வற்றி, பின்பலகையின் இணைப்பு ஒரு கீற்று விட்டது. வீணைக்கு மரத்தை ஏன் அவ்வளவு காலம் உலரப்போடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி விரிசல் பக்கம் பிடித்துக்கொண்டு கூம்பை விரலால் மெதுவாக அமுக்கினால், புகை வளைந்து ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

2020இல் ஊரடங்கு தளர்ந்தபோது தச்சருக்கு வேலை இல்லை, எனக்கும் போக இடமில்லை. இந்த முறை 18 மில்லிமீட்டர் பிளைவுட். தண்ணீர் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கினோம். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றிலேயே இரண்டு பெட்டிக்கும் பலகை வந்துவிட்டது, உள்சட்டங்களுக்கும் துண்டு மிஞ்சியது. ஒரே சரக்கை வைத்துக்கொண்டு 12 மில்லிமீட்டருக்குப் பதில் 18 போட்டால், கனம்தான் ஒன்றரை மடங்கு. விறைப்பு ஏறத்தாழ மூன்றே கால் மடங்கு கூடும். கனத்தின் மும்மடிக் கணக்கு அது. உள்ளே ஜன்னல் சட்டம் மாதிரி மூன்று குறுக்குப் பலகைகள். சம இடைவெளியில் வைக்க அளவெடுத்தார். "கூடாது தம்பி, மூன்றும் மூன்று தினுசான தூரத்தில் இருக்கட்டும்" என்றேன். சம தூரத்தில் வைத்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே சுரத்தில் கூடிக்கொள்ளும். அவர் ஒவ்வொரு சட்டத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்து, எங்கே 'டங்' என்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு என் கோலமாவு காட்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடைகூடத் தள்ளியில்லை. பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனத்த ஒலிக்கு வலுச் சேர்க்கப் பெட்டியில் வைக்கும் காற்றுக் குழாய்க்கு மூன்று இஞ்சு பி.வி.சி. பைப். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், அவருக்குப் பின் எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த கணக்குப்படி, 40 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் வந்தது. நான் 20ஆக வெட்டிவைத்து, அளந்து அளந்து அரைஅரை சென்டிமீட்டராக அறுத்தேன். அறுத்ததை ஒட்டவைக்க முடியாதே. உயரமான பெட்டிக்குள் மேலும் கீழும் மோதும் ஒலி 187 ஹெர்ட்ஸ் பக்கம் நின்று ரீங்கரிக்கும் என்பதால் உள்ளே இலவம் பஞ்சு அடைத்தேன். அந்த நவராத்திரியில் குழாய் வழியாகப் பஞ்சு பறந்து கொலுப்படியில் தசாவதாரம் முழுக்கப் பனி பெய்ததுபோல ஆனது. பிறகு பழைய வேட்டியில் மெத்தைபோலத் தைத்து ஒட்டிவிட்டேன். வூபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றை, இரண்டாம் படி வகையாக, 2,500 ஹெர்ட்ஸில் பிரித்தேன். அந்த மாதிரிச் சுற்றில் ட்வீட்டரின் இரண்டு ஒயரையும் மாற்றி இணைக்க வேண்டும். மறந்தால் பாடகி நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோலக் கேட்கும். தங்கள் கட்டுரை இதைச் சரியாகவே சொல்லியிருந்தது, பாராட்டுகிறேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேரக்குழந்தை உள்ள வீடென்றால் அடியில் அகலமான பீடம் போடுங்கள். ஒன்று 17 கிலோ. மேலே விழுந்தால் விளையாட்டு இல்லை.

மறுபடியும் கோலமாவு வைத்துப் பார்த்தோம். 100இலிருந்து 600 வரை ஏற்றினேன். மாவு இட்ட இடத்தில் இருந்தது. தச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், செட்டு ஓடுதா?" என்றார். சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. பலகையைப் பார்த்துக் கேட்டார்.

மெல்லிய பலகைக்கு வக்காலத்து வாங்க யாராவது பிபிசியின் பழைய மானிட்டர் ஸ்பீக்கர்களைக் காட்டலாம். அவை மெல்லிய பிர்ச் பிளைவுட்தான், உண்மை. ஆனால் உட்பக்கம் தார் போன்ற கனத்த பட்டையை ஒட்டி அதிர்வைச் சாகடித்திருப்பார்கள். அதிர்வைக் கீழே இறக்கி அமுக்கும் வழி அது. யாரும் அங்கே பெட்டியைப் பாடவிடவில்லை.

நாட்டு மரத்தின் அழகு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு யோசனை. வெளியே ஒட்டுங்கள். எங்கள் தச்சர் தேக்கு வெனீரை, அதாவது தேக்கில் சீவிய மெல்லிய தாளை, ஒட்டி மெழுகு போட்டுத் தந்தார். வருகிறவர்கள் முழுத் தேக்கு என்றே நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. அடுத்த வாரம் அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். மரக்கடை விலாசம் கொடுத்த பெட்டிச் செய்தியிலேயே போட்டால் நல்லது, அதைத்தான் எல்லோரும் வெட்டி வைத்திருப்பார்கள்.

பலாப் பெட்டிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஒன்று எங்கள் வாசலில் செருப்பு வைக்கப் பயன்படுகிறது. மற்றதைத் தச்சர் கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கிறார். வூபர் இருந்த ஓட்டை வழியாகப் புறாக்கள் போய்வருகின்றன. விடியற்காலையில் அதற்குள் புறா குனுகினால் தெருமுனை டீக்கடை வரை கேட்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.