கண்ணாடி வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

நம் பகுதித் தாவரவியல் பூங்காவை நிர்வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பூங்காவின் கண்ணாடி வீடு பூட்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. மனுவாகக் கொடுத்தோம், பார்வையாளர் புத்தகத்திலும் எழுதிவைத்தோம். போன வாரம் நடந்ததைப் பார்த்தபிறகு, எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவது என்று இந்த மடலை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிவந்திருந்தேன். பூச்சியுண்ணும் தாவரங்கள் அவர்களுக்குப் பாடத்தில் வருகின்றன. நெப்பந்தஸ் என்னும் குடுவைச் செடியைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள். பல பேர் பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் வயல்வேலை பார்க்கும் வீட்டிலிருந்தும் வருகிறவர்கள். வேன் வாடகையும் டிக்கெட் காசும் அவர்கள் வீட்டில் கேட்டு வாங்கியது. உள்ளே போனால் கண்ணாடி வீட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது.

காவலாளியைக் குறை சொல்ல மாட்டேன். "சாவி எங்கிட்ட இல்ல டீச்சர். பெரியவங்க யாரும் வந்தா ஆபீஸ்ல இருந்து வந்து தொறப்பாவ" என்றார். உள்ளதைச் சொன்னார். பிள்ளைகள் வெளியே நின்று, பாசி படிந்த கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்து உள்ளே பார்த்தார்கள். கம்பியில் தொங்கிய ஒரு சட்டியைக் காட்டி ஒரு பெண், "டீச்சர், அந்தா தொங்குதுல்லா, அதுவா பூச்சியத் திங்கும்?" என்று கேட்டாள். அதுதான். ஆனால் குடுவைகள் எல்லாம் பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. புதிதாக வந்த இலைகளின் நுனியில் குடுவையே கட்டவில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் அந்தச் செடி அப்படித்தான் ஆகும். செத்துக்கொண்டிருக்கும் செடியைக் காட்டிப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

"ஆள் புழங்கினால் செடி கெட்டுப்போகும், அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம்" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். தயவுசெய்து இதை யோசித்துப் பாருங்கள். குளிர் நாட்டில் கண்ணாடி வீடு கட்டியது வெயிலின் சூட்டை உள்ளே பிடித்துவைக்க. பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நமக்கு அதற்கு நேர்மாறான வேலை. கூரைமேல் நிழல்வலை போட வேண்டும், மேல் ஜன்னலைத் திறந்து சூடான காற்றை வெளியே விட வேண்டும், தரையை நனைத்து ஈரம் காக்க வேண்டும். இதையெல்லாம் அன்றாடம் செய்ய ஒரு ஆள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துப் போட்டால் அது வெறும் அடுப்பு. செடிகளைக் கெடுத்தது பார்வையாளர்கள் இல்லை ஐயா, பூட்டுதான்.

நாங்கள் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊருக்கு மேற்கே நிற்கும் பொதிகை மலை உட்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே 2,254 வகை உயர்தாவரங்கள் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 400 அந்த மலைகளுக்கே உரியவை என்றும் யுனெஸ்கோ சொல்கிறது. பாறை விளிம்பில் வளரும் வரைக்கமுகு என்னும் பனைவகை மரமும், மலைவாழ் காணி மக்கள் உலகுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையும் அங்கே வளர்கின்றன. களக்காடு முண்டந்துறை 1988-இலிருந்து புலிகள் காப்பகம். காட்டுக்குள் கண்டபடி ஆளை விடக் கூடாது, விடவும் வேண்டாம். அதை மனதார ஏற்கிறோம். காடு மூடியிருப்பது நியாயம் என்பதால்தான் பூங்கா திறந்திருக்க வேண்டும் என்கிறோம். பாபநாசத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிற மலையில் என்ன வளர்கிறது என்று ஒரு பிள்ளை கிட்டப் போய்ப் பார்க்க வேறு இடம் எது?

ஊட்டிக்குப் போகலாமே என்பார்கள். 1848-இல் தொடங்கிய அந்தப் பூங்காவின் கண்ணாடி வீட்டில் டிக்கெட் எடுத்த யாரும் நடக்கலாம். ஆனால் நெல்லைச் சீமையிலிருந்து ஊட்டி ஒரு ராத்திரிப் பயணம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1800 வாக்கில் கிராம்பைக் கொண்டுவந்து நட்டுப் பார்க்கக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்தான். சாரலும் மண்ணும் அப்படி. அந்த மண்ணில் பிறந்த பிள்ளை ஒரு செடியைப் பார்க்க மலை தாண்டி ஊர் தாண்டிப் போக வேண்டுமா?

சிமெண்ட் மானுக்குப் பெயிண்ட் அடிக்கவும், இதய வடிவில் செல்ஃபி வளைவு வைக்கவும் பணம் வருகிறது. மரங்களின் பெயர்ப்பலகைகள் எழுத்தழிந்து நிற்கின்றன. எழுத்து தெரிகிற பலகையிலும் தமிழ்ப் பெயர் இல்லை. கழிப்பறை, குடிதண்ணீர் பற்றித் தனியே எழுத வேண்டும், இப்போது அது வேண்டாம். எந்த வேலைக்கும் ஆள் இல்லை என்கிறீர்கள். முக்கியஸ்தர் வருகிற அன்று மட்டும் ஆளும் வருகிறார், சாவியும் வருகிறது, தரையும் கழுவிக் கிடக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அதே டிக்கெட்டை வாங்கித்தான் உள்ளே வந்தார்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: கண்ணாடி வீட்டைத் திறந்துவிடுங்கள். நாள் முழுக்க முடியாவிட்டால் காலையில் இரண்டு மணி நேரம் திறங்கள். கூட்டம் பயமென்றால் பத்துப் பத்துப் பேராக விடுங்கள். பிள்ளைகள் ஒரு இலையைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆசிரியர்கள் நாங்கள் பொறுப்பு. பழுது பார்க்க வேண்டியிருந்தால், எந்தத் தேதிவரை மூடியிருக்கும் என்று டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே எழுதிப் போடுங்கள். அதுவரை மேல் ஜன்னலையாவது திறந்து, செடிகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த வகுப்பைக் கூட்டிவர இருக்கிறேன். அதற்குள் திறக்கும் நேரத்தை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் ஆசிரியை,
அம்பாசமுத்திரம் வட்டாரம்