ஹாலேயிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அலுவலக வேலையாக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஜெர்மனியின் கிழக்கே உள்ள ஹாலே நகருக்கு வந்திருக்கிறேன். மதியத்தோடு கூட்டங்கள் முடிந்துவிடுவதால், மாலை முழுவதும் நடந்தே ஊர் சுற்றுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அதிகம் அடிபடாத பழைய ஊர் இது. சந்தைத் திடலில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். நான்கு ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவை. ஐந்தாவது தனியே நிற்கும் சிவப்புக் கோபுரம். 1685இல் இங்கே பிறந்த இசைமேதை ஹேண்டலுக்கு அங்கேயே சிலை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் சொல்லத் துடிப்பது வேறு. திடலுக்குத் தெற்கே சிறிது தூரம் நடந்தால், ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698இல் தொடங்கிய அநாதை இல்ல வளாகம் வருகிறது. நம் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். கிழக்கு ஜெர்மனி காலத்தில் இந்த வளாகத்தின் முன்னால் மேம்பாலம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். இப்படியொரு முகப்பை மறைக்க எப்படித்தான் மனம் வந்ததோ! பாலத்தைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், கட்டடத்தின் நெற்றியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன.

மேல்மாடியில் ஒரு காட்சிக்கூடம். கூரையிலிருந்து முதலை தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, சிப்பி, பல நாட்டுப் பொருட்கள். இந்தியாவிலிருந்து வந்தவையும் உண்டு. தமிழ் ஓலைச்சுவடிகள் இந்த வளாகத்தின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்துக் கப்பலில் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகச் செலவாகவே, பிறகு நம் பக்கத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் நம் பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதங்களாகப் பதில் வாங்கினார்கள். எங்கள் வழக்கம் என்ன, எந்தத் தெய்வத்தை ஏன் வணங்குகிறோம், உங்கள் மதத்தில் எங்களுக்கு எது ஒப்பவில்லை என்று நம்மவர்கள் தயங்காமல் எழுதியிருக்கிறார்கள். அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் எழுதியவர்களில் பலரின் பெயர் அச்சில் வரவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை, அப்பா. கேட்டவர்களின் பெயர் நூலகம் நூலகமாக இருக்கிறது. பதில் சொன்னவர்கள் வெறும் 'மலபாரிகள்' ஆகிவிட்டார்கள். அந்நாளில் ஐரோப்பியர் நம்மை அப்படித்தான் அழைத்தார்கள்.

அந்நாளில் தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன்தான் சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்கத் துணையாக இருந்தவர். பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்குச் சிலை உண்டு. அழகப்பன் பெயரில் ஒரு தெருவாவது, ஒரு கல்லாவது இருக்கிறதா? அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது பழைய ஆட்கள் யாரிடமாவது விசாரித்துச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் தைலத்தை அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி